ரிப்போர்ட் கவருக்கு நான்கு பின் அடிப்பவர்

காளவாசல் பக்கம் ஒரு ரத்தப் பரிசோதனை லேப்பில் ரிப்போர்ட் கொடுப்பவர் அவர். கண்ணாடி மூக்கு நுனியில் நிற்கும். முகம் எதற்கும் மாறாது. கவரை நான்கு இடத்தில் ஸ்டேப்ளர் பின் அடித்துத்தான் தருவார். "டாக்டர் பிரிச்சுக்கிடட்டும்" என்பார். மதுரையில் யார் கேட்பார்கள்? கவுண்டரிலேயே பல்லால் கடித்துப் பிரித்து, அவரிடமே அர்த்தம் கேட்போம்.

கல்லூரியில் படிக்கும் என் மகளுக்குச் சிறுநீரகக் கல். மூன்று நாள் வலி. அன்று காலை குளிர்காய்ச்சல் வேறு. அவளை வாசலில் ஆட்டோவில் உட்காரவைத்துவிட்டு நானும் பிரித்தேன். சிறுநீரில் புரோட்டீன், ரத்தத்தில் சி.ஆர்.பி., இரண்டும் கூடுதல். ஃபோனில் படித்துத் தேறிய தெம்பில் கேட்டேன்.

"அண்ணே, இந்தப் புரோட்டீனாலதான் கல்லு வந்துச்சா?"

"கல்லு இருக்கிறவங்க நிறையப் பேருக்கு இது கூடித்தான் வருது. இதால அது வந்துச்சா, அதால இது வந்துச்சான்னு எனக்குத் தெரியாது."

"சி.ஆர்.பி. எதுக்கு இம்புட்டு? முட்டையை நிறுத்திரவா?"

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "உள்ள கிருமி இருக்கலாம்னு அர்த்தம். டாக்டருக்கு அப்பவே ஃபோன் போட்டுச் சொல்லிட்டேன், உடனே அட்மிஷன்னுட்டாரு. புள்ள காய்ச்சலோட ஆட்டோல கிடக்கு, நீங்க இங்க பரீட்சைக்குப் படிக்கிறீக. கிளம்புங்க!"

அவமானமாகிவிட்டது. அவரை முறைத்துவிட்டுத்தான் போனேன்.

கல் அடைத்துச் சீழ் கட்டியிருந்தது. மதியமே டியூப் வைத்து வடித்தார்கள். "சாயங்காலம்னா கஷ்டம்" என்றார் டாக்டர்.

மகள் இப்போது நன்றாக இருக்கிறாள். அந்த மனிதர் விரட்டியிருக்காவிட்டால், அடுத்து தக்காளி விதையைப் பற்றிக் கேட்டிருப்பேன்.