ஆகாயத்தாமரை திரும்பிய நேரம்

டீசல் புகையும் சேற்று வாடையும் கலந்து மூக்கில் ஏறினால் போதும், அரியாங்குப்பம் ஆற்றுப் படகுத்துறையில் அக்காவோடு நின்ற அந்தச் சாயங்காலத்துக்குப் போய்விடுகிறேன். இன்றும் அதே துறையில்தான் நிற்கிறேன். ஆகாயத்தாமரைக் கொத்து ஒன்று கடலைப் பார்த்துப் போகிறது, வழி தெரிந்ததுபோல.

அக்கா அன்று பாரீசுக்கு வேலைக்குப் போகிறாள். விசா வந்த நாளிலிருந்து அம்மா அவளோடு பேசவில்லை. அன்றைக்கும் விடிந்ததுமே, முகத்துவாரத்து மணல்திட்டில் இருந்த தன் டீக்கடைக்குப் படகேறிப் போய்விட்டாள், போனை வீட்டிலேயே போட்டுவிட்டு. ஏர்போர்ட் போகும் காரை அக்கா துறைக்கே வரவழைத்திருந்தாள். டிரைவர் ஹாரன் அடித்தபடி இருந்தார். அப்போதுதான் படகோட்டி போனில் கூப்பிட்டார்: அம்மா ஏறிவிட்டாள், கிளம்பிவிட்டோம்.

காலையில் போக அரை மணிதானே ஆனது, அரை மணியில் வந்துவிடுவாள் என்றேன். அக்கா அதே துறையில் டிக்கெட் கிழித்தவள். எத்தனை பேருக்குப் படகு வரும் நேரம் சொல்லியிருப்பாள். ஆற்றைக் காட்டினாள். கொத்துக் கொத்தாக ஆகாயத்தாமரை கடலுக்கு ஓடிக்கொண்டிருந்தது.

"போவசொல்ல ஆறு தள்ளுச்சு. வரசொல்ல எதுக்குது. படகு வேகத்துல ஆத்து வேகத்த கழிடா, அறிவாளி."

கழித்தேன். மிஞ்சிய வேகம் போதவில்லை; அம்மா வந்து சேரும்வரை கார் நிற்காது. அக்கா பெட்டியைக் காரில் ஏற்றினாள், இறக்கினாள், மறுபடி ஏற்றினாள். டிரைவரிடம் கெஞ்சினாள். நான் நிப்பேன், பிளைட்டு நிக்குமா என்றார் அவர். கார்க் கதவைப் பிடித்தபடி அவள் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு கொத்து வேகம் குறைந்தது. நின்றது. அப்படியே தயங்கிக் கிடந்தது. பிறகு மெல்ல, மிக மெல்ல, வந்த வழியே ஊர்ப்பக்கம் திரும்பியது. கடல்நீர் ஆற்றுக்குள் ஏறத் தொடங்கியிருந்தது.

"இனிமே கழிக்காத," என்றாள் அக்கா. "கூட்டு."

சொல்லி வாய் மூடவில்லை, வளைவில் படகு தெரிந்தது. உட்காரச் சொல்லிப் படகோட்டி கத்துவதைக் காதில் வாங்காமல் முன்னால் நின்றுகொண்டிருந்தாள் அம்மா, கையில் பிளாஸ்க்கோடு.

இன்று அக்கா வருகிறாள். ஏர்போர்ட்டிலிருந்து நேரே துறைக்கு வருவதாகச் சொல்லியிருக்கிறாள். அம்மா கடையைத் திறக்கவேயில்லை. என் பக்கத்தில் நின்று, எங்கடா வரா, எங்கடா வரா என்று அரித்துக்கொண்டிருக்கிறாள். அன்றோ கார் நகரும்வரை வாய் திறக்காதவள். நகர்ந்தபின் ஜன்னலோடு கூடவே நடந்து, பிளாஸ்க்கை உள்ளே திணித்துச் சொன்னாள்:

"போவ எவ்ளோ நேரம்னு எங்கிட்ட சொல்லாத. திரும்பி வர்ற கணக்க மட்டும் போட்டு வையி."