மார்கழியைப் பன்னிரண்டால் பெருக்கினால்

எங்கள் வீட்டு மாடியில் இரண்டு அறைகள் கட்ட என் கணவர் போட்ட கணக்கு ரொம்பச் சுலபமானது. செங்கம் சாலையில் தெரிந்த ஒருவர் மார்கழியில் ஓர் அறைக்கு என்ன வாடகை வாங்குகிறார் என்று விசாரித்தார். அதை இரண்டால் பெருக்கினார், பிறகு பன்னிரண்டால் பெருக்கினார். வந்த தொகையைப் பார்த்து அவரே வாயைப் பிளந்தார்.

"கடன் கட்டினது போக கையில நிக்கும். நீ வேலைய விட்டுடு. தெனம் பஸ்ல இடிபட்டது போதும்" என்றார்.

நான் கீழ்பென்னாத்தூரில் அரசுப் பள்ளியில் கணக்கு ஆசிரியை. மார்கழியைப் பன்னிரண்டால் பெருக்கக் கூடாது என்பது ஏழாம் வகுப்புப் பிள்ளைக்கே தெரியும். ஆனால் என் முழங்கால் வலி "வேலைய விட்டுடு" என்பதை மட்டும்தான் கேட்டது. கடன் என் பெயரில்தான் கிடைத்தது. அவருடைய பெயிண்ட் கடையை நம்பி யார் தருவார்கள்?

அறைகள் நன்றாகவே அமைந்தன. ஜன்னலைத் திறந்தால் மலை. ஆசிரமம் நடக்கிற தூரம் என்பதால் ஐப்பசிக் கடைசியிலிருந்து வெளிநாட்டுக்காரர்கள் வந்து தங்குவார்கள். மலையில் தீபம் ஏற்றும் நாளுக்குக் கேட்ட காசு கிடைக்கும். கீழ் வீட்டிலிருந்து பார்த்தால் எதிர் வீட்டு மாடி மலையை மறைக்கும். அதனால் தீபத்தன்று நாங்கள் இருவரும் தெருமுனைக் கூட்டத்தில் நின்று எட்டி எட்டிப் பார்ப்போம். மாசி முடிந்ததும் எல்லோரும் கிளம்பிவிடுவார்கள். அப்புறம் ஈ ஓட்டுவதுதான். தவணை மட்டும் மாதம் தவறாமல் என் சம்பளத்தில் பிடித்தம் ஆகும்.

போன ஆவணியில் ஒரு விண்ணப்பத்தோடு வந்தார். இருக்கிற கடனுக்கு மேல் இன்னொரு கடன், மாடிக்கு மேல் இன்னொரு மாடி.

"இங்க கையெழுத்துப் போடு. சீசன்ல ரூம் இல்லன்னு எத்தினி பேரத் திருப்பி அனுப்பறோம்!"

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது.

"போடறேன். நான் கேக்கறதுக்கு பதில் சொல்லுங்க. சித்திரையில மாடி என்ன குடுத்துச்சு?"

"சித்திரையில யாரு வருவாங்க?"

"வைகாசி?"

"சும்மாதான் கெடந்துச்சு."

"ஆனி?"

"பௌர்ணமிக்கு ஒரு குடும்பம் தங்குச்சே!"

"அந்தக் காசு தண்ணி லாரிக்குப் போச்சு. ஆடி?"

அவர் கூரையை அண்ணாந்து பார்த்தார். ஆவணியைக் கேட்க வேண்டியதில்லை, மேலே பூட்டுத் தொங்கிக்கொண்டிருந்தது. மழை முடிந்ததும் அடிக்கும் பெயிண்ட் சொந்தக் கடையிலிருந்து வருவதால் அதை அவர் செலவில் சேர்த்ததே இல்லை. படுக்கை விரிப்புகளைத் துவைப்பது நான், அதுவும் எந்தக் கணக்கிலும் இல்லை. எல்லாம் போக, வந்த வாடகை வருடத் தவணையில் பாதிக்குக்கூட எட்டவில்லை.

விண்ணப்பத்தை மடிப்பதும் பிரிப்பதுமாக உட்கார்ந்திருந்தார். பிறகு மெதுவாகக் கேட்டார்: "அப்ப மீதி மாசமெல்லாம் மாடிக்கு வாடகை குடுத்துட்டு இருந்தது நீயா?"

அதற்குமேல் கோபத்தை இழுத்துப் பிடிக்க என்னால் முடியவில்லை. மனிதர் ஏமாற்றவில்லை. என்னை வீட்டில் உட்காரவைத்துப் பார்க்கிற ஆசையில் பெருக்கியிருக்கிறார். நினைக்க நினைக்கப் பாவமாக இருந்தது.

வேங்கிக்காலில் கலெக்டர் ஆபீஸில் வேலை பார்க்கும் ஒரு தம்பதி இரண்டு அறைகளையும் சேர்த்து மாத வாடகைக்குக் கேட்டிருந்தார்கள். "ரொம்ப கம்மி" என்று அவர் திருப்பி அனுப்பிய ஆட்கள். விண்ணப்பத்தை ஓரம் வைத்துவிட்டு, மார்கழிவரை ஏற்கெனவே ஆட்களுக்குச் சொல்லியிருந்ததால், அவர்களைத் தை மாதம் குடிவரச் சொன்னோம். அந்தக் கம்மி வாடகையைப் பன்னிரண்டால் பெருக்கச் சொன்னேன். போன வருடம் முழுக்க வந்ததைவிட ஜாஸ்தியாக இருந்தது. தவணைக்கு இன்னும் கொஞ்சம் துண்டு விழும். அதனால் எனக்கு இன்னும் சில வருடம் பஸ்தான்.

தீபத்தன்று காலையில் ஓர் அறை காலியானது. மத்தியானம் நான் அதைப் பெருக்கிவிட்டு, ஓய்ந்துபோய் ஜன்னல் ஓரத்து நாற்காலியில் உட்கார்ந்தேன். மலை பளிச்சென்று தெரிந்தது. அவர் போனைக் காதில் வைத்தபடி படியேறி வந்தார். பெங்களூரிலிருந்து யாரோ, ஒரு ராத்திரிக்கு ஒரு மாதத் தவணையையே தருவதாகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். நான் துடைப்பத்தை எடுத்துக்கொண்டு எழுந்தேன்.

உட்காரு என்று கையைக் காட்டினார்.

"காலி இல்லீங்க" என்றார் போனில். "முன்னாடியே வாடகை குடுத்தவங்க இருக்காங்க."