மாரியில் முப்பத்தொரு நாள்

நான் பிள்ளை பெற்றவளா, பெறாதவளா என்று எனக்கே விளங்காமல் போன மாரி அது. என் முதற்பிள்ளை ஐப்பசிக் கடைசியில், வாவி நிரம்பி எங்கள் வேலிக்காலைத் தொட்ட கிழமையில் பிறந்தது. பெண். அழவில்லை. மருத்துவிச்சி காலைப் பிடித்துத் தூக்கித் தட்டினாள், வாயில் ஊதினாள், பிறகு துணியில் சுற்றி வெளியே கொண்டுபோனாள். திரும்பி வந்தவள் என் நெற்றியைத் துடைத்துவிட்டு, "இனி உன்ட உடம்பப் பாரு புள்ள" என்றாள். உடம்பைப் பாரு, உடம்பைப் பாரு! அந்த மாரி முழுக்க இந்தச் சொல்லைக் கேட்டுக் கேட்டே காது புளித்துப் போயிற்று.

பிள்ளை இல்லாத வீட்டில் முப்பத்தொரு நாள் துடக்குத் தீட்டு உண்டா என்று அம்மாவுக்கே சந்தேகம். மருத்துவிச்சிதான் தீர்த்து வைத்தாள். "வயித்துக்குத் தெரியுமா கா, புள்ள உயிரோட இரிக்கோ இல்லையோ எண்டு? மாரிக்குளிர் உள்ளுக்குப் போச்செண்டா ஆயுசுக்கும் போகாது. பெத்தவளுக்குச் செய்யிறதெல்லாம் செய்யணும்." அம்மா அதைப் பிடித்துக்கொண்டார். வீட்டின் பின்னறையில் என்னைப் போட்டு, கட்டிலுக்குக் கீழே நெருப்புச் சட்டி வைத்தார். இடுப்பைச் சேலைத் துணியால் இறுக்கிக் கட்டினார். காதுக்குள் பஞ்சு. நொச்சியிலை அவித்த சுடுதண்ணீர் வார்ப்பு. பச்சைத் தண்ணீரைக் கண்ணாலும் காட்டமாட்டார். வெளியே மழை கொட்டோ கொட்டென்று கொட்டுகிறது, எனக்கு ஒரு மிடறு பச்சைத் தண்ணீர் கிடையாது. கைதியைக்கூட இப்படி வைத்திருக்க மாட்டார்கள் என்று ஒருநாள் கத்தினேன். "கத்தாத மனே, குளிர் ஏறும்" என்றார் அம்மா. எங்கள் பக்கத்தில் மகளும் 'மனே', மகனும் 'மனே'தான்.

மூன்றாம் நாள் பால் கட்டியது. அன்று காலையில் அம்மா பழக்கத்தில் மீன்காரியிடம் ஒரு குட்டிச் சுறாவை வாங்கிவிட்டார். பிள்ளை பெற்றவளுக்குப் பால் ஊறச் சுறாதானே கொடுப்பது. வாங்கிய பிறகுதான் அவருக்கு நினைவு வந்திருக்கிறது. பின்னறை யன்னலால் பார்த்தேன். மழைத் தூறலில், மீனை வாலில் பிடித்தபடி முற்றத்தில் நின்றார். நெடுநேரம் நின்றார். பிறகு அதை நாய்க்கு எறிந்துவிட்டு, மல்லிகைப் பூ ஆய்ந்துகொண்டு வந்து, பால் வற்றுவதற்காக என் மார்பில் வைத்துக் கட்டினார். பால் வர வைக்கிறவர்களா, வற்ற வைக்கிறவர்களா, நான் யாருக்கு நோயாளி, ஒன்றும் புரியவில்லை. அழுகையும் வரவில்லை. கோபம் மட்டும் தாராளமாக வந்தது.

எல்லாவற்றிலும் பெரிய ஆக்கினை சரக்குக் கறி. மல்லி, மிளகு, சீரகம், மஞ்சள், இஞ்சி, உள்ளி எல்லாம் வறுத்து, அம்மியில் பட்டுப்போல அரைத்து, வாவி மீன் போட்டுக் காய்ச்சிய கறி. பெற்ற வயிற்றின் புண் ஆற அதைத்தான் கொடுப்பார்கள். பிள்ளை பெற்றவர்கள் மடியில் பிள்ளையை வைத்துக்கொண்டு தின்கிற கறி அது. என் மடியில் என்ன இருந்தது? வாய்க்குக் கிட்டக் கொண்டுபோனாலே குமட்டியது. அம்மாவோடு மல்லுக்கட்ட முடியாமல், நாய் தின்னட்டும் என்று மண்கோப்பையைச் சோற்றோடு யன்னலுக்கு வெளியே, தாழ்வாரத்தில் வைத்தேன். பத்து நிமிடத்தில் கோப்பை கழுவினதுபோல வெறுமையாக இருந்தது. நல்லதாய்ப் போயிற்று என்று தினமும் வைக்கத் தொடங்கினேன்.

இனி என் வீட்டுக்காரரைப் பற்றிச் சொல்ல வேண்டும். வாவிக்கு மேற்கே, படுவான்கரைக்காரர். எங்கள் பக்கத்தில் கலியாணம் கட்டினால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வந்து இருப்பார். அவர் வந்து ஒரு வருசம்கூட ஆகவில்லை. அம்மாவும் அவரும் நேருக்கு நேர் பேசிக்கொள்வதில்லை. அது மரியாதை. அம்மா அடுப்பைப் பார்த்துப் பேசுவார், முன் மாலில், வெளிக்கூடத்தில், இருக்கிற அவர் கேட்டுக்கொள்வார். துடக்கு முடியுமட்டும் அவர் என் அறைக்குள் வரவும் கூடாது. ஆகவே அவரைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் அம்மா அடுப்புக்குச் சொன்னவைதான்.

"வச்ச சோறு வச்சபடி கிடக்கு. வட்டையில வரம்பு உடைஞ்சு தண்ணி பாயுதாம். போய்ப் பாக்க ஆளில்ல" என்று அடுப்பிடம் முறையிடுவார் அம்மா. நெல் இடுப்பளவு நிற்கிற காலத்தில் வட்டைப் பக்கம் போகாத மனுசனை நான் கண்டதில்லை. வாசலில் குந்தியிருந்து மழையைப் பார்க்கிறாராம். பேச்சு மூச்சு இல்லையாம். மாரிக்காய்ச்சலாக இருக்கும் என்று அம்மா பட்டினத்து அப்போதிக்கரியிடம் ஆள் அனுப்பிக் குயினைன் குளிசை எடுப்பித்தார். என்மேல் கோபம், செத்த பிள்ளையைப் பெற்றவளோடு எதற்கு இருப்பது என்று யோசிக்கிறார் என்றுதான் நான் நினைத்தேன். வேறெப்படி நினைக்க?

ஒருநாள் மத்தியானம் மழை கொஞ்சம் விட்டது. கோப்பையை வெளியே வைத்துவிட்டு, காதிலிருந்த பஞ்சைப் பிடுங்கி எறிந்துவிட்டுப் படுத்தேன். தெருப்பக்கம் நாய் குரைத்தது. அதே நேரம் யன்னலுக்குக் கீழே கோப்பையில் விரல் உரசுகிற சத்தம். எழுந்து எட்டிப் பார்த்தால், தாழ்வாரத்தில் குந்தியிருந்து, தலையில் ஓலைக்கீற்றைப் பிடித்துக்கொண்டு, கோப்பையை வழித்துத் தின்கிறார் என் வீட்டுக்காரர்!

நான் சத்தமில்லாமல் வந்து படுத்துவிட்டேன். இதென்ன கூத்து? அம்மா ஒரு பானைச் சோற்றை வைத்துக்கொண்டு அடுப்பிடம் கெஞ்சுகிறார், இந்த மனுசன் பெண்பிள்ளை மருந்தைத் திருடித் தின்கிறார். புத்தி பேதலித்துப் போயிற்றா? என்னைப் பரிகாசம் பண்ணுகிறாரா? அவ்வளவும் யோசித்துவிட்டு, அடுத்த நாள் நான் என்ன செய்தேன் தெரியுமா? இன்னும் ஓர் அகப்பை கறி போடச் சொல்லி அம்மாவிடம் கேட்டேன். ஏன் கேட்டேன் என்று இன்றைக்கும் எனக்கு விளங்கவில்லை. அவர் வயிற்றுக்குப் போகிறது அது ஒன்றுதான் என்பது மட்டும் தெரிந்தது.

அம்மாவுக்குச் சந்தோசப் புளுகம் தாங்கவில்லை. "இப்பதான் புள்ளைக்குப் பசி பிடிச்சிரிக்கு" என்று ஊருக்கெல்லாம் சொன்னார். மருத்துவிச்சி வந்து என் கையைப் பிடித்துப் பார்த்துவிட்டு, "இவ்வளவு திண்டும் ஏன் கா மெலியிறாய்?" என்று தலையைச் சொறிந்தாள். மெலியாமல்? காலையில் தந்த வெறுங்கஞ்சியில்தானே கிடந்தேன். சரக்கின் அளவைக் கூட்டச் சொல்லிவிட்டுப் போனாள். அதையும் அவர் தின்றார்.

பதினேழாம் நாள் அவருடைய அக்கா தோணியில் வந்தாள். என்னை வந்து பார்க்கவில்லை. முன் மாலில் இருந்துகொண்டு, எனக்குக் கேட்கட்டும் என்றே பேசினாள். "நீ என்னத்துக்கு இஞ்ச குந்திக்கொண்டு காய்ஞ்சு போறாய் தம்பி? வெள்ளிக்கிழம தோணி திரும்பி வரும். ஏறி வீட்ட வா." அவர் "ம்" என்றார். போவதற்கு "ம்"மா, கேட்டதற்கு "ம்"மா? இரண்டு நாள் அந்த ஒற்றை எழுத்தை வைத்துக்கொண்டு செத்தேன். படுவான்கரைக்குப் போன ஆண்பிள்ளை திரும்பாவிட்டால் அதோடு கலியாணம் முடிந்தது. எங்கள் ஊரில் அப்படி இரண்டு பேர் இருந்தார்கள். எனக்குப் பயம் பிடித்துவிட்டது. அவர் எனக்கு வேண்டும். அவ்வளவுதான்.

வியாழக்கிழமை மத்தியானம் கோப்பையை வைத்துவிட்டு நான் யன்னலை விட்டு நகரவில்லை. வந்தார். என்னைக் கண்டதும் கோப்பையோடு அப்படியே நின்றார். தாடி வளர்ந்து, கண் குழிவிழுந்து, ஆளே மாறிப்போயிருந்தார்.

"நாளைக்குப் போறீங்களா?" என்றேன்.

"அக்கா வரச் சொல்லுறா."

"அக்கா கிடக்கட்டும். நீங்க போறீங்களா?"

"தெரியா புள்ள."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "தெரியாதெண்டா என்னத்துக்கு என்ட கறியத் திங்கிறீங்க? வெட்கமில்லையா? புள்ள பெத்தவளுக்கு அவிச்ச மருந்து அது!"

"ஐயோ" என்று ஒரு குரல். வெளியே, வீட்டு மூலையில், எனக்கு வார்க்கிற சுடுதண்ணீர்ப் பானையோடு அம்மா நின்றார். நடந்ததெல்லாம் அந்தக் கணத்திலேயே அவருக்கு விளங்கிவிட்டது. அந்த நேரத்திலும் முறை தவறாமல், சுவரைப் பார்த்துத்தான் கேட்டார்: "ஆம்பிளையள் திங்கிற சாமானா இது?"

அவர் கோப்பையைக் கீழே வைக்கவில்லை. என்னைப் பார்த்துச் சொன்னார்: "உனக்குத் தண்ணி வாக்கிறாங்க, சரக்கு அரைக்கிறாங்க, காதுக்குப் பஞ்சு வைக்கிறாங்க. எனக்கும் புள்ள செத்ததுதானே? எனக்குக் குயினைன் தந்தாங்க."

அவர் நிறுத்தவில்லை. பதினெட்டு நாளும் பேசாததை ஒரே மூச்சில் பேசினார். "குழி வெட்டினது நான்தானே. வெட்ட வெட்டத் தண்ணி ஊறிச்சு. தள்ளி இன்னொண்டு வெட்டினன், அதுக்குள்ளயும் தண்ணி. தண்ணிக்குள்ள எப்பிடிப் புள்ளைய வைக்கிற? வெட்டி வெட்டி மேட்டுக்கே போய்ட்டன். பொழுது பட்டிட்டுது."

அம்மா பானையைக் கீழே வைத்தார். கலியாணம் ஆன நாள்முதல் பாராத முகத்தை நேரே பார்த்தார். "அவ்வளவு நேரமும் புள்ளைய எங்க வச்சிருந்தீங்க?"

"தோளில போட்டிருந்தன் மாமி," என்றார் அவர். "மழ படாம சால்வையால மூடி."

அம்மா சுற்றி வந்து பின்னறைக் கதவைத் திறந்துவிட்டார். "உள்ளுக்கு வாங்க மனே. நீங்க ஒரு இடமும் போக வேணாம்," என்றார். துடக்கு முடிய இன்னும் பன்னிரண்டு நாள் இருந்தது. அவர் ஈரக்காலோடு வந்து என் கட்டிலில் இருந்தார்.