சீர்த்தட்டில் ஒரு சமையல் புத்தகம்

திண்டிவனத்தில் பேருந்து நிலையத்துக்குப் போகிற சாலையில் உள்ள புத்தகக் கடையில் நான் பில் போடுகிறேன். அம்மணி அங்கே புத்தகம் எடுத்துக் கொடுக்கிறாள். எடுத்துக் கொடுக்கிறாள் என்று முதலாளி சொல்வார். உண்மையில் அவள் தீர்ப்புச் சொல்வாள்.

சமையல் புத்தகம் வேண்டும் என்று யாராவது வந்து நின்றால் உடனே எதையும் நீட்டிவிட மாட்டாள். வீட்டில் எத்தனை பேர், சமைக்கிறது யார், சாப்பாட்டில் குறை சொல்கிறது யார் என்று விசாரிப்பாள். குறை சொல்கிற ஆளைப் பொறுத்துத்தான் புத்தகம். மாமனார் என்றால் ஒன்று, பள்ளிக்கூடம் போகிற பிள்ளை என்றால் வேறொன்று. வழவழப்பான தாளில் பக்கத்துக்குப் பக்கம் படம் போட்ட தடிப் புத்தகத்தை யாராவது தொட்டால் அவளுக்குப் பொறுக்காது. அதில் சொல்லியிருக்கிற சாமான் வாங்கப் பாண்டிச்சேரிக்குத்தான் பஸ் ஏறணும் என்பாள். ஒரே ஒரு குக்கரை வைத்துக்கொண்டு வேளைக்கு ஒரு சாப்பாடு செய்யச் சொல்லித்தருகிற ஒல்லிப் புத்தகம் ஒன்று உண்டு. அதைத்தான் கையில் திணிப்பாள். முதலாளி கல்லாவிலிருந்து முறைப்பார். வாங்கிப்போனவர்கள் திரும்பி வருவதால் வாயைத் திறக்க மாட்டார்.

சமையல் புத்தகத்தோடு விட்டுவிடவும் மாட்டாள். புதிதாக வந்த கதைப் புத்தகம் ஒன்றையும் தலையில் கட்டிவிடுவாள். சாயங்காலம் டிவியை நிறுத்திவிட்டு ஒருத்தர் காய் நறுக்க, இன்னொருத்தர் சத்தம் போட்டுப் படிக்க வேண்டும் என்பது அவள் கட்சி. சும்மா சொல்லவில்லை. அவள் புருஷன் சீனுவாசன் கூட்டேரிப்பட்டு கூட்டு ரோட்டில் லாரி மோதிச் செத்த பிறகு, அவளும் மகள் ரோஜாவும் அப்படித்தான் இருந்தார்கள். ரோஜா படிப்பாள், அம்மணி நறுக்குவாள். கதையில் யாராவது அழுதால் வெங்காயத்தின் மேல் பழியைப் போட்டுவிடுவார்கள்.

ரோஜாவுக்குக் கோலியனூர்ப் பக்கம் மாப்பிள்ளை அமைந்தது. தென்னரசு. டிப்ளமோ படித்து, திண்டிவனத்திலேயே ஒரு கம்பெனியில் வேலை. சொந்த வீடு, மல்லாட்டைக் கடலை போடுகிற நிலம், வற்றாத போர்க்கிணறு. வீடு பார்க்கப் போய்வந்த அம்மணி தரையில் பதித்திருந்த டைல்ஸைப் பற்றி வாரம் முழுக்கப் பேசினாள். மாமியார் அம்சா விதவை, ஒரே பையன், பிக்கல் பிடுங்கல் இல்லை என்று அவளுக்கு ஏக சந்தோஷம்.

கல்யாணத்தில் சீர்த்தட்டுகள் வரிசையாகப் போயின. பழம், பூ, புடவை, இனிப்பு. அதற்கு நடுவே அம்மணி ஒரு தட்டு நிறையப் புத்தகம் வைத்திருந்தாள். புதுக் கதைகள் ஐந்தாறு, இனிமேல் பிறக்கப்போகிற பிள்ளைக்கு என்று யானைப் படம் போட்ட ஒன்று, எல்லாவற்றுக்கும் மேலே மஞ்சள் குங்குமம் வைத்து அந்த ஒல்லிச் சமையல் புத்தகம். எனக்கே அதைப் பார்க்கப் பெருமையாக இருந்தது. அம்சா மேலே இருந்ததை எடுத்தாள். முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தாள். சுற்றிலும் சொந்தக்காரர்கள்.

"இன்னாங்க சம்பந்தி இது? பொண்ணுக்கு ஒண்ணும் கத்துக் குடுக்கலன்றீங்களா, இல்ல எங்க வீட்டு சாப்பாடு வாயில வைக்க வெளங்காதுன்றீங்களா?"

மண்டபமே சிரித்தது. சம்பந்திகள் ஒருத்தரை ஒருத்தர் வாருவது எல்லாக் கல்யாணத்திலும் நடப்பதுதானே. அம்மணியும் வாய்விட்டுச் சிரித்து, ரெண்டும்தான் சம்பந்தி என்று பதிலுக்கு வாரினாள். அம்சா புத்தகத்தைத் தட்டில் வைத்துவிட்டு அப்பால் போய்விட்டாள். பேச்சில் ஜெயித்துவிட்டோம் என்று அம்மணி நினைத்துக்கொண்டாள். புத்தகத்தையே சீராக வைத்த கதையைக் கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் மாதக்கணக்கில் சொல்லிக்கொண்டிருந்தாள்.

மத்தியானத்தில் ரோஜா போன் பண்ணுவாள். பக்கத்து நாற்காலியில் இருக்கிற என் காதிலும் விழும். அவர்கள் சாப்பிட்ட பிறகுதான் நான் என்பாள் ஒருநாள். இன்னொரு நாள், இங்கே எல்லாம் அளவாகத்தான் செய்கிறார்கள் என்பாள். புதுப்பெண்ணுக்கு எந்த வீட்டிலும் அப்படித்தான் என்று அம்மணி சமாதானம் சொல்வாள். போனை வைத்ததும் அலமாரிக்குப் போவாள். அவர்கள் வாய்க்குப் பிடித்ததாகச் செய்து போடட்டும் என்று ஒரு டிபன் புத்தகம் எடுத்து வைப்பாள். மனசு சரியில்லை என்று ரோஜா சொன்ன அன்றைக்கு, அப்போதுதான் கட்டுப் பிரித்த ஒரு நாவல். முழுகாமல் இருக்கிறாள் என்று தெரிந்ததும், கர்ப்பிணிகள் என்ன சாப்பிட வேண்டும் என்கிற புத்தகம். வேலை முடிந்து போகிற வழியில் தென்னரசு கடைக்கு வந்து வாங்கிப்போவான். அவனைக் கெட்டவன் என்று சொல்ல மாட்டேன். வாய் கிடையாது, அவ்வளவுதான். வாயில்லாத ஆண்பிள்ளை செய்கிற கெடுதலுக்கு அளவில்லை என்பதை நான் அவனைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன்.

ஐந்தாம் மாதத்தில் ரோஜா மயங்கி விழுந்தாள். விழுப்புரத்தில் ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள் என்று போன் வந்ததும் நானும் அம்மணியும் கடையிலிருந்து அப்படியே பஸ் ஏறினோம். நாங்கள் போவதற்குள் குழந்தை போய்விட்டது. கட்டிலில் கிடந்தது ரோஜாதான் என்று நம்ப எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. வளையல் முழங்கைவரை ஏறிக் கிடந்தது. ரத்தமே இல்லை, இந்தப் பெண் என்னதான் சாப்பிடுகிறாள் என்று டாக்டரம்மா கேட்டார். தென்னரசு தரையைப் பார்த்தான்.

"கர்ப்பிணிங்க இன்னா சாப்பிடணும்னு புக்கு குடுத்தனுப்பினேன் மேடம்" என்றாள் அம்மணி.

டாக்டரம்மா அவளை ஒரு மாதிரி பார்த்துவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனார். ரோஜா அதுவரை கண்ணை மூடிக்கொண்டிருந்தாள். திறந்து அம்மாவைப் பார்த்தாள். குரலில் அழுகை இல்லை.

"அடுப்பாங்கரைக்குள்ள என்ன விட்டதே இல்லம்மா. புக்கு பாத்து சமைக்கிறவ கையால நாங்க துன்னணுமான்னு அத்த மொத நாளே சொல்லிட்டாங்க. அவங்களா போட்டாதான் எனக்கு சோறு. கோவமா இருந்தா அதுவும் கெடையாது."

"எங்கிட்ட ஏன்டி சொல்லல?"

"சொல்லிக்கினுதான் இருந்தேன். சொல்ற ஒவ்வொரு வாட்டியும் நீ ஒரு புக்கு அனுப்புன." கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டாள். "கடைக்கு வர்றவங்கள நிக்க வச்சி அத்தன கேள்வி கேக்குற. என்ன குடுக்கப்போற வீட்டுல போயி ஒரு கேள்வி கேட்டியாம்மா?"

அம்மணி குனிந்து, முழங்கைவரை ஏறிக் கிடந்த மகளின் வளையலை மணிக்கட்டுக்கு இறக்கிவிட்டாள். அவள்மேல் எனக்குப் பரிதாபமும் வந்தது, ஆத்திரமும் வந்தது. ஒரு வேடிக்கைப் பேச்சுக்கு ஒரு உயிரைக் காவு வாங்குவார்களா? ரோஜா ஆஸ்பத்திரியில் இருந்த நாள் வரைக்கும் அம்சா எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

வீட்டுக்கு அனுப்பிய அன்று தென்னரசு வண்டியை வாசலில் கொண்டுவந்து நிறுத்தினான். ரோஜாவின் பையை எடுக்கக் கை நீட்டினான். அம்மணி பையை மறு கைக்கு மாற்றிக்கொண்டாள்.

"நீங்க போங்க மாப்ள. அவ எங்கூட வர்றா."

அவன் ரோஜாவைப் பார்த்தான். பிறகு வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டான். ரோஜா அவன் போன திசையைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. திண்டிவனம் வருகிறவரை பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து வந்தாள். அம்மா ஒரு தடவை கையைப் பிடித்தபோது விலக்கவும் இல்லை, பதிலுக்குப் பிடிக்கவும் இல்லை.

மறுநாள் மத்தியானம் நான் முட்டையும் பாலும் வாங்கிக்கொண்டு போனேன். அம்மணி கடைக்கு லீவு சொல்லியிருந்தாள். முருங்கைக்கீரை பொரியல், கத்தரிக்காய் குழம்பு, வடித்து இறக்கிய சோறு என்று தரையில் பரப்பி வைத்திருந்தாள். மகளுக்குத் தட்டில் போட்டு, பாய் விரித்து, உட்காரச் சொன்னாள். ரோஜா தட்டை வாங்கிக்கொண்டு சமையலறைக் கதவுக்குப் பின்னால் போய் நின்றாள். நின்றபடியே அள்ளி அள்ளிச் சாப்பிட ஆரம்பித்தாள். மெல்லக்கூட இல்லை. கண் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தது.

"உக்காந்து சாப்டும்மா" என்றாள் அம்மணி. "இங்க யாரும் வரமாட்டாங்க."

ரோஜா தலையை ஆட்டினாள். ஆனால் உட்காரவில்லை. தட்டு காலியாகிக்கொண்டிருந்தது. இன்னும் கொஞ்சம் போடலாம் என்று அம்மணி அகப்பையில் சோற்றை எடுத்துக்கொண்டு கிட்டே போனாள். நிழல் மேலே விழுந்ததும் ரோஜா திடுக்கிட்டு, பிடுங்க வருகிறார்கள் என்று தட்டை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டாள்.