றாம் பாட்டும் வெறுங்காலும்

நான் வேலை செய்த கடையில் இருந்தது ஒரேயொரு ரெலிபோன் இணைப்பு. வவுனியா பஸ் நிலையத்துக்குப் பின்தெருவில் கடை. முன்பாதியில் வெளிநாட்டுக்குக் கதைக்கிற இடம், பின்பாதியில் கொம்பியூட்டர் திருத்துகிற மேசை. மேசை என்னுடையது. முதலாளி முஸ்லிம்; அண்ணன் முறையில் எல்லாரும் நானா என்றுதான் கூப்பிடுவோம். முல்லைத்தீவில் கடை வைத்திருந்து, இடம்பெயர்ந்து, புத்தளத்தில் பல வருடம் இருந்துவிட்டு, சண்டை நின்று ஏ-ஒன்பது பாதை திறந்தபின் வவுனியா வரைக்கும் திரும்பி வந்தவர்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் அவர் ஜும்ஆத் தொழுகைக்குப் போகும்போது முன்கதவைச் சாத்திவிட்டுப் போவார். அந்த ஒரு மணித்தியாலமும் ரெலிபோன் சும்மா இருக்கும்.

"லைன் சும்மாதானே கெடக்குது புள்ள. வேணுமெண்டா இன்ரநெற்றப் பாரு" என்றார் ஒருநாள்.

இப்படித்தான் எனக்கு உலகம் வாரத்தில் ஒரு மணித்தியாலம் திறந்தது. மிச்ச நேரம் முழுக்க, போன வெள்ளிக்கிழமை என்ன செய்தேன், அதனால் என்ன கேடு வந்திருக்குமோ என்று யோசித்துக்கொண்டிருப்பேன். யோசிப்பதில் நான் கெட்டிக்காரி. படிப்பில் அப்படியில்லை. இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து மூன்று பள்ளிக்கூடம் மாறி, ஒன்பதாம் வகுப்பில் ஒருநாள் போகாமல் நின்றேன். அடுத்த நாளும் போகவில்லை. பிறகு போகவேயில்லை. திருத்த வேலை, கடைக்கு வந்த பழைய கொம்பியூட்டர் பெட்டிகளைக் கழற்றிக் கழற்றிப் பழகியது.

கனடாவிலிருந்து விடுமுறைக்கு வந்த ஒருவர் தன் மடிக்கணினியைத் திருத்தத் தந்ததில்தான் எல்லாம் தொடங்கியது. திருத்தி முடித்ததும் ஒலி வருகிறதா என்று பார்க்க அதிலிருந்த ஒரு பாட்டைப் போட்டேன். ஆங்கிலத்தில் ஒருவன் மூச்சுவிடாமல் கதைத்துக்கொண்டே போனான். எனக்கு ஆங்கிலம் தெரியாது. ஆனால் அவன் சொன்னதில் பாதி விளங்கியது! பாஸ்வேர்ட், எரர், ஹார்ட் டிஸ்க், றீஸ்ரார்ட். எனக்குத் தெரிந்த ஆங்கிலம் முழுக்கக் கொம்பியூட்டருக்குள்ளே இருக்கிற ஆங்கிலம். அவன் பாடியதும் அதைத்தான்.

"இது என்ன அண்ணை, இப்பிடியும் பாடுவினமோ?" என்று கேட்டேன்.

"ஓம், அங்க இதுக்கெண்டே ஒரு கூட்டம் இருக்கு. ஹிப்-ஹொப்தான், ஆனா கொம்பியூட்டர் விசரருக்கு. கண்ணாடி போட்ட பெடியள் வீட்டு அறைக்குள்ள இருந்து பாடி இன்ரநெற்றில போடுவாங்கள். கேக்கிற ஆக்கள் கீழ நல்லதும் எழுதுவினம், கிழிச்சும் எழுதுவினம்."

அவரே வெளிநாட்டுத் தமிழர் இன்ரநெற்றில் கூடிக் கதைக்கிற ஒரு கருத்துக்களத்தின் முகவரியையும் எழுதித் தந்துவிட்டுப் போனார். அந்தத் துண்டைப் பல வாரம் அழிறப்பர் டப்பாவுக்குள் வைத்திருந்தேன்.

அழிறப்பர் என் ஆயுதம். மாங்குளம், கிளிநொச்சிப் பக்கமிருந்து வருகிற பெட்டிகளைத் திறந்தால் உள்ளே செம்மண் தூசி ஒரு பிடி இருக்கும். அந்தத் தூசி றாம் என்கிற நினைவகத் தகட்டின் பொன்னிறப் பற்களில் படிந்தால் பெட்டி உயிர்க்காது. நீளமாக ஒருமுறை, பிறகு குட்டையாக மூன்று முறை கத்தும். தகட்டைக் கழற்றி, பற்களைப் பென்சில் எழுத்தை அழிக்கிற, பாதி சிவப்பும் பாதி நீலமுமான பள்ளிக்கூடத்து அழிறப்பரின் சிவப்புப் பக்கத்தால் தேய்த்துத் திரும்பக் கொழுவினால் எழும்பிவிடும். இது எல்லாத் திருத்தக்காரருக்கும் தெரிந்ததுதான் என்று நினைத்திருந்தேன்.

அந்தக் கத்தல் எனக்குத் தாளமாகக் கேட்கத் தொடங்கியது. பீ... பிப் பிப் பிப். ஒரு பெட்டியில் வேண்டுமென்றே றாமைக் கழற்றிவிட்டு, அது கத்துவதை மலிவான ஒரு மைக்கில் பதிந்தேன். விசைப்பலகையின் நீளக் கட்டையைத் தட்டினால் மத்தளம் மாதிரி ஒரு சத்தம் வந்தது, அதையும் சேர்த்தேன். வெளியே பஸ் கொண்டக்டர்மார் ஊர்ப்பெயர் கத்துவது கேட்காமலிருக்கத் தலையைத் துவாயால் மூடிக்கொண்டு பாடினேன்.

*நீளமா ஒருக்கா அழுதால், குட்டையா மூண்டு விக்கினால்,*
*பெட்டிக்கு வருத்தமில்லை, றாமில்தான் தூசு!*
*தங்கப் பல்லைத் தேச்சுவிடு, அழிறப்பர் ஒண்டு போதும்,*
*டிகிரி ஒண்டும் வேண்டாம், திருப்பிக் கொழுவிப் போடு!*

கடைசி வரி என் குணத்துக்கு ஒத்துவராத வரி. ஆனால் இந்தப் பாட்டுக்காரர் எல்லாரும் தங்களைத் தாங்களே புகழ்வதாகக் கனடாக்காரர் சொல்லியிருந்தார். நானும் புகழ்ந்து பார்த்தேன். முதலில் பிளக்கைக் கழற்ற வேண்டும் என்றும் ஒரு வரி எழுதியிருந்தேன். தாளத்துக்குள் அடங்காததால் அதை வெட்டிவிட்டேன்.

ஒரு வெள்ளிக்கிழமை அதைக் கருத்துக்களத்தின் இசைப் பகுதியில் ஏற்றினேன். நாற்பது நிமிடம் பிடித்தது. பெயர் போடவில்லை, கடைப் பெயரும் போடவில்லை; வவுனியா என்று மட்டும் போட்டேன். ஏற்றி முடிந்த அந்த நிமிடத்திலேயே வெட்டிய வரி நினைவுக்கு வந்தது. யாராவது பிளக்கைக் கழற்றாமல் கை வைத்தால்? ஏழு நாள் சோறு இறங்கவில்லை.

அடுத்த வெள்ளி திறந்தபோது பாட்டு இசைப் பகுதியில் இல்லை. தேடிப் போனால் நகைச்சுவைப் பகுதியில் கிடந்தது.

கீழே இரண்டு பக்கத்துக்குப் பதில்கள். தன் படத்துக்குப் பதிலாகப் பூனைப் படம் போட்டிருந்த ஒருவர், "வயிறு நோகச் சிரிச்சன், ஆனா பீப் தாளம் உண்மையிலேயே சுப்பர்" என்று எழுதியிருந்தார். இன்னொருவர், "பாடுறாவோ, பக்கத்து வீட்டுக்காரியோட சண்டை பிடிக்கிறாவோ?" என்று கேட்டிருந்தார். அதற்குக் கீழே விமானப் படம் போட்ட ஒருவரின் நீண்ட பதில். லண்டனில் கணினிப் பொறியியலாளராம்.

"நினைவகத் தகட்டை அழிறப்பரால் தேய்ப்பது மடத்தனம். இங்கே கம்பளத்தில் காலுறையோடு நடந்து கதவுக் கைபிடியைத் தொட்டாலே சுள்ளென்று மின் அடிக்கும். அந்தக் கையால் தகட்டைத் தொட்டால் தகடு செத்துவிடும். டிகிரி வேண்டாம் என்று பாடுவதற்கு முன் படித்த யாரிடமாவது கேட்டிருக்கலாம்."

கடைசியில் களப் பொறுப்பாளர் ஒரே வரி போட்டிருந்தார்: "விசயம் சரியென்று தெரியவந்தால் மீண்டும் இசைப் பகுதிக்கு மாற்றப்படும்."

முகம் சுட்டது. பகிடி பண்ணுவதற்காக நான் அதைப் பாடவில்லை. என் வாழ்க்கையில் எனக்கு உறுதியாகத் தெரிந்திருந்த ஒன்றே ஒன்றைப் பாடினேன். அதைத் தூக்கிச் சிரிக்கிற இடத்தில் போட்டுவிட்டார்கள். படித்தவர் சொல்கிறார், சரியாகத்தான் இருக்கும் என்றும் ஒரு மனம். அப்படியென்றால் இதுவரை எத்தனை பேரின் றாமை நான் கெடுத்திருப்பேன்?

நானா தொழுகை முடிந்து வந்து என் சாவீட்டு முகத்தைப் பார்த்தார்.

"என்ன புள்ள, ஆரும் மவுத்தாப் போயிட்டாங்களா?"

விசயத்தைச் சொன்னேன். அவருக்கு வேறொரு கவலை.

"பாட்டில கடைப் பேர் போட்டியா?"

"ஐயோ, இல்லை நானா."

"ஏன் போடல? ரெண்டு பக்கத்துக்குச் சனம் வாசிச்சிருக்கு எண்டுறாய். சும்மா வந்த விளம்பரம் போச்சே!"

பாட்டை எடுத்துவிடுவது என்று முடிவு செய்தேன். எடுக்க அடுத்த வெள்ளி வரவேண்டும். இடையில் செவ்வாய்க்கிழமை முரசுமோட்டையிலிருந்து ஒரு பெட்டி வந்தது. நீளமாக ஒன்று, குட்டையாக மூன்று. மூடியைக் கழற்றினேன். றாமைத் தொடமுன் எழும்பிப் போனேன். கதவுக் கைபிடியைத் தொட்டுப் பார்த்தேன்: ஒன்றுமில்லை. கடை முழுக்க நடந்து திரும்ப வந்து தொட்டேன். சுள்ளென்று ஒன்றும் அடிக்கவில்லை.

"கதவு கழண்டு போச்சா?" என்றார் நானா.

"இல்லை நானா, கறன்ற் அடிக்குதோ எண்டு பாக்கிறன்."

"கதவில எப்பிடிடி கறன்ற்?"

அப்போதுதான் குனிந்து என் காலைப் பார்த்தேன். வெறுங்கால். சீமெந்து நிலம். செருப்புகளெல்லாம் வாசலில் கிடந்தன. நானும் வெறுங்கால், நானாவும் வெறுங்கால், பெட்டி கொண்டுவந்த ஆளும் வெறுங்கால். உடம்பில் சேர்கிற மின் காலால் இறங்கி நிலத்துக்குப் போய்விடுகிறது! லண்டன்காரருக்கு அது போக வழியில்லை. அவருடைய கால் சொக்ஸுக்குள், சொக்ஸ் கம்பளத்துக்கு மேல்; பெட்டித் தகரத்தை முதலில் தொட்டாலாவது கொஞ்சம் இறங்கும். அவர் சொன்னது அவருடைய வீட்டுக்குச் சரி. நான் செய்தது என்னுடைய மேசைக்குச் சரி. கேட்கிறவர்கள் எந்த நிலத்தில் நிற்கிறார்கள் என்று யோசிக்காமல் நான் பாடிவிட்டேன்.

முரசுமோட்டைப் பெட்டி முதல் தேய்ப்பிலேயே எழும்பியது.

பாட்டை எடுக்கிற எண்ணம் அங்கேயே போனது. இரண்டாவது பாட்டு எழுதினேன். இந்தமுறை என்னைப் புகழவில்லை. இரவும் பகலும் என் தலைக்குள் ஓடுகிற கவலை எல்லாவற்றையும் அப்படியே தாளத்தில் இறக்கினேன். கேள்வி கேட்பது நான். பதில் சொல்ல ஒரு குரல் தேவைப்பட்டது. நானாவிடம் கேட்டேன்.

"பாட்டெல்லாம் நான் பாடமாட்டன், புள்ள."

"பாட வேண்டாம் நானா. நான் கேக்கக் கேக்க, கழட்டிட்டன் எண்டு சொன்னாக் காணும்."

"பொய் சொல்லச் சொல்லுறாய்."

"அப்ப உண்மையாக் கழட்டிப்போட்டுச் சொல்லுங்கோ."

மனிதர் உண்மையிலேயே பிளக்கைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டுதான் மைக்குக்குக் கிட்ட வந்தார். நல்லகாலம், பதிகிற பெட்டியின் பிளக் அதுவல்ல.

*பிளக்கைக் கழட்டினியோ? (கழட்டிட்டன்!) திரும்பப் பார்!*
*சொக்ஸைக் கழட்டினியோ? (கழட்டிட்டன்!) திரும்பப் பார்!*
*கம்பளத்தை விட்டிறங்கு, சீமெந்தில வந்து நில்லு,*
*பெட்டித் தகரம் தொட்டனியோ? தொட்டாலும் திரும்பப் பார்!*
*சிவப்புப் பக்கம் பிடிச்சனியோ? நீலப் பக்கம் சுரண்டிப்போடும்!*
*ஒன்பதாம் வகுப்பு நான், ஒண்டையும் நம்பமாட்டன்,*
*ரெண்டுதரம் பாக்கிறதால் என்ர மேசையில்*
*ஒரு பெட்டி எரியேல்லை!*

ஒன்பதாம் வகுப்பு என்று பாடியபோது துவாய்க்குள் என் குரல் உடைந்தது. இன்னொருமுறை பதியலாமா என்று கேட்டதற்கு, "அதுதான் நல்லாயிருக்கு, தொடாத" என்றார் நானா. வெள்ளிக்கிழமை அதே பக்கத்தில், நகைச்சுவைப் பகுதியிலேயே, லண்டன்காரருடைய பதிலுக்குக் கீழே ஏற்றினேன். "நீங்கள் சொன்னதும் சரி. தயவுசெய்து இதையும் கேளுங்கோ" என்று மட்டும் எழுதினேன். பிறகு ஏழு நாள். அந்த ஏழு நாளில் வீட்டுக் கேத்திலின் பிளக்கைக்கூட மூன்றுதரம் பார்த்தேன்.

அடுத்த வெள்ளி பக்கம் திறக்க மறுத்தது. படங்கள். அத்தனை படங்கள் வந்திருந்ததால் ஒவ்வொன்றாக, மேலிருந்து கீழே, கோடு கோடாக இறங்கிக்கொண்டிருந்தது. முதல் படத்தில் பாதி தெரிந்தபோது எனக்கு விளங்கவில்லை. முழுதாக இறங்கியதும் விளங்கியது: அடுப்புக்கு முன்னால், குசினித் தரையில் ஒரு வெறுங்கால். பக்கத்தில் ஒரு அழிறப்பர்.

கனடாவிலிருந்து பூனைப் படக்காரர் போட்டிருந்தார். "எட்டு மாதமாக நிலக்கீழ் அறையில் செத்துக் கிடந்த பெட்டி. மகளின் அழிறப்பர். வெளியில் பனி கொட்டுது, கால் விறைக்குது. ஆனால் பெட்டி எழும்பிட்டுது!"

அதற்குக் கீழே இன்னொரு கால். பாரிஸிலிருந்து ஒருவர். அதற்குக் கீழே மெழுகு பூசிப் பளபளத்த தரையில் ஒரு சோடிக் கால், கொலுசோடு: "எங்கட அம்மா மாதிரியே கேக்கிறா, பயத்தில ரெண்டுதரம் பார்த்தன்." திராட்சைக்குலை வடிவில் ஒரு அழிறப்பர். பாதி கடித்த அழிறப்பர். றாம் பழுதேயில்லாத ஒருவர்கூடச் சும்மா காலைப் படம் எடுத்துப் போட்டிருந்தார். சண்டை பிடிக்கிறாவோ என்று கேட்டவர், "கழட்டிட்டன் எண்டு சொல்லுற ஐயா ஆர்? அவருக்குத் தனிப் பாட்டு வேணும்" என்று எழுதியிருந்தார். எல்லாப் பதிலுக்கும் முடிவில் இரண்டு சொல்: திரும்பப் பார்!

மணி ஒன்றரை ஆகிவிட்டது. முன்கதவு திறக்கிற சத்தம் கேட்டது. நானா வந்துவிட்டார், அவருக்குப் பின்னால் வெளிநாட்டுக்குக் கதைக்க நாலைந்து பேர் வந்து நின்றார்கள்.

"லைனை விடு புள்ள, சனம் நிக்குது."

"ஒரு நிமிசம் நானா, ஒரேயொரு படம்!"

கடைசிப் படம் இறங்கிக்கொண்டிருந்தது. விமானப் படக்காரர். வெள்ளைத் தரையில் நீளமான, மெலிந்த ஒரு கால். பக்கத்தில் சுருட்டிவைத்த சொக்ஸ். அழகாகத் திறந்துவைத்த ஒரு பெட்டி.

"அலுவலகத்தில் எறிய வைத்திருந்த மூன்று பெட்டிகளில் முயன்றேன். இரண்டு எழும்பின. பிளக், காலுறை, தகரம் என்று பாடலில் உள்ள ஒழுங்கு முற்றிலும் சரி. எனக்குப் படிப்பித்தவர்கள் ஒருவரும் இதை இவ்வளவு தெளிவாகச் சொல்லித் தரவில்லை. பொறுப்பாளர் அவர்களே, இந்தப் பாடல்களை உடனே மாற்றுங்கள்."

பொறுப்பாளர் மாற்றியிருந்தார். மேலே பார்த்தேன்: இசைப் பகுதி. நான் நம்பவில்லை. திரும்பப் பார்த்தேன். இசைப் பகுதிதான்!

கத்திவிட்டேன். நின்றவர்கள் எல்லாரும் திரும்பினார்கள். ஒரு அம்மா, "பிள்ளைக்குக் கறன்ற் அடிச்சிட்டுதோ?" என்று பதறினார்.

"இல்லையம்மா, இவட பாட்டுத்தான் கனடாவுல அடிச்சிருக்கு" என்றார் நானா. திரையில் வரிசையாகக் கிடந்த கால்களை எட்டிப் பார்த்தார். "என்ன புள்ள இது, எல்லாரும் கால நீட்டிக்கிட்டு?"

"நாங்கள் கழட்டச் சொன்னதைக் கழட்டியிருக்கினம், நானா."

"அப்ப பாடு. இவங்களும் கேக்கட்டும்."

துவாய் பின்னால் கதிரையில் கிடந்தது. நான் எடுக்கவில்லை. மேசையில் கிடந்த பெட்டியின் றாமைக் கழற்றிவிட்டு மின்னைக் கொடுத்தேன். பீ... பிப் பிப் பிப். சிறையில் கிடந்து விடுபட்டவள் மாதிரி என் குரல் வெளியே வந்தது; தெருவில் கொண்டக்டர்மார் கத்திக்கொண்டிருந்தார்கள், அவர்களையும் மேவி வந்தது. பிளக்கைக் கழட்டினியோ என்று கேட்டேன். நானா ரெலிபோன் மேசையில் கையால் அடித்து, கழட்டிட்டன் என்றார். வரியின் மிச்சத்தை நானே பாடிவிட்டுச் சொக்ஸைக் கேட்டேன்; அதுக்கும் கழட்டிட்டன் என்றார்.

பதறிய அந்த அம்மாதான் முதலில் பிடித்துக்கொண்டார். செருப்பை வாசலில் விட்டுவிட்டு வெறுங்காலோடு சீமெந்தில் நின்றபடி, மற்றவர்களுக்கு முந்தி, கணீரென்று சொன்னார்:

"திரும்பப் பார்!"