கொளுத்திப் பார்த்து வாங்கும் குங்கிலியம்

ஸ்டூலில் ஏறி நின்று, காலண்டர் அட்டையால் புகை அலாரத்தை விசிறிக்கொண்டிருந்தேன். அது கத்துவதை நிறுத்தவில்லை. கருங்குங்கிலியம் விற்பவன் பாதி நாள் ஸ்டூலின் மேல்தான் நிற்கிறான். கடை வைத்திருப்பவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையிருக்காது.

மேற்குத் தொடர்ச்சி மலையின் மழைக்காட்டு மரம் ஒன்றின் பிசின் இது; சாம்பிராணி மாதிரி கரியில் போட்டுப் புகைப்பது. டெக்ஸாஸில், பிளானோ ஊரில் ஒரு சலூனுக்கும் டியூஷன் சென்டருக்கும் நடுவில், கட்டியாகவும் எண்ணெயாகவும் விற்கிறேன். இருந்த ஐ.டி. வேலையை விட்டுவிட்டுத் தொடங்கிய கடை. வளாக மேனேஜர் இரண்டு முறை எழுதிவிட்டார்: இன்னொரு தடவை தீயணைப்பு வண்டி வந்தால் மாதக் கடைசியில் காலி செய்ய வேண்டும்.

கைப்பை

அன்று கொளுத்தியவர் மீனாட்சி ஆன்ட்டி. "இங்கே கொளுத்தக் கூடாது" என்று சுவரில் ஒட்டியிருந்ததை முதலில் வாய்விட்டுப் படித்தார். நான் பின்னறைக்குப் போய்த் திரும்புவதற்குள் கைப்பையிலிருந்து சின்னத் தூபக்கால், கரி, லைட்டர் எல்லாம் வெளியே வந்துவிட்டன. நல்லவேளை, வண்டி வருவதற்குள் அலாரம் அடங்கியது. ஸ்டூலிலிருந்தே கெஞ்சினேன். அவர் புகையைக் கையால் முகத்துக்கு வாரிக்கொண்டு சொன்னார்: "நெருப்புல போட்டாத்தான் தம்பி தெரியும், அசலா கலப்படமான்னு. போன தடவை பக்கத்து ஊர் ஃப்ரிஸ்கோல ஒருத்தன் எனக்கு ரோட்டுத் தாரை வித்துட்டான்."

எண்ணெய்

அதன் பிறகு எண்ணெயை முன் அலமாரிக்கு மாற்றினேன். வாசனை பரப்பும் மின்சார டிஃப்யூசரில் நாலு சொட்டு விட்டால் போதும், புகை கிடையாது. கோயம்புத்தூர்க்காரர் ஒருவர் சந்தோஷமாக வாங்கிப் போனார். மூன்றாம் நாள் மனைவியோடும் பாட்டிலோடும் வந்து நின்றார். வாசனை இல்லையா என்றேன். இருக்கிறதாம். பிறகு என்ன? அவர் மனைவியைப் பார்த்தார். மனைவி சொன்னார்: "வெள்ளிக்கிழமை புகை போட்டாத்தானுங்ணா வீடு வீடாட்ட இருக்கும். இது டென்டிஸ்ட் கிளினிக்காட்ட இருக்குதுங்."

கார்

கடைக்குள் கூடாது. பார்க்கிங்கில் கொளுத்தினால் டெக்ஸாஸ் காற்று புகையை டல்லாஸுக்குக் கொண்டுபோய்விடுகிறது. என் மூளை ஒரு வழி கண்டுபிடித்தது. சனிக்கிழமை வந்த மீனாட்சி ஆன்ட்டியை என் காரின் பின் சீட்டில் உட்காரவைத்து, தூபக்காலைக் கையில் கொடுத்து, கண்ணாடியை ஏற்றிவிட்டேன். இரண்டு நிமிடத்தில் காருக்குள் ஆன்ட்டி தெரியவில்லை. சலூனிலிருந்து யாரோ 911-க்கு கால் பண்ணிவிட்டார்கள். தீயணைப்பு வண்டியும் பின்னாலேயே மேனேஜரும் வந்தார்கள். வீரர் ஒருவர் ஓடிப்போய்த் தட்டினார். கண்ணாடி நாலு விரற்கடை இறங்கியது. உள்ளிருந்து ஆன்ட்டியின் குரல் வந்தது: "ஒன் மினிட் சார், வீ ஆர் பையிங்."

மேனேஜர் என்னிடம் "மாதக் கடைசி" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். சரக்கு அசல் என்று நிரூபிக்க இந்தத் தொழிலில் ஒரு கடையைப் பறிகொடுக்க வேண்டியிருக்கிறது.

ஆன்ட்டி கண்ணைத் துடைத்தபடி உள்ளே வந்தார். "அசல்தான் தம்பி. அரை பவுண்டு போடுங்க."

நிறுத்தேன். எடை சரியாக நின்ற பிறகு இன்னொரு துண்டை எடுத்துப் போட்டுப் பொட்டலத்தை மடித்தேன்.