இரண்டாவது கடல்

சில வருடங்களுக்கு முன், மழைக்காலம் முடிந்து வத்தல்மலையில் நடந்த விவசாயிகள் கூட்டத்தில் ஒரு அம்மாவைப் பார்த்தேன். காய்த்துப்போன கைகள் முந்தானை முடிச்சை அவிழ்ப்பதும் கட்டுவதுமாகவே இருந்தன. பசிபிக் கடல் சூடாகிவிட்டது, பருவமழை பொய்க்கும் என்று விதைப்புக்கு முன் வேளாண்மை அதிகாரி சொன்னதை நம்பி, அவர் சாமை விதைக்கவில்லை. மழையோ கொட்டித் தீர்த்தது.

“இந்தியப் பெருங்கடலும் மேற்குப் பக்கம் சூடாயிடுச்சும்மா. அது பசிபிக் சூட்ட ஈடுகட்டிடுச்சு, அதான் மழை வந்துடுச்சு” என்றார் அதிகாரி.

அந்த அம்மா முடிச்சிலிருந்த விதைச்சாமையை மேசைமேல் கொட்டினார். “கடலு ரெண்டு இருக்குதுன்னா அப்பவே ரெண்டையும் சொல்றதுக்கு என்னங்க சார்? நான் எந்தக் கடலக் கண்டேன்? உங்க பேச்சத்தான நம்புனேன்!”

அதிகாரி பேனாவால் விதையை ஓரமாகத் தள்ளினார். அதைப் பார்த்து எனக்கு வந்த எரிச்சல் இன்னும் ஆறவில்லை. இந்த வருடமும் பசிபிக் சூடு என்கிறார்கள். இன்னொரு கடலைப் பற்றி ஒருவரும் மூச்சு விடவில்லை.